டமராக் மேட்டில் சிக்னி

சிக்னி டெர்வோ இப்போது எங்கள் ஊரில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். குளிர்காலத்தில் தெருவோரம் காரை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். மறந்து நிறுத்திவிட்டால் மற்ற டிரைவர்கள் இறங்கி வந்து கதவைத் தட்டுவார்கள். சிக்னி தட்ட மாட்டாள். காரையும் சேர்த்துப் பனியால் மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். போன ஜனவரியில் எங்கள் பாதிரியாருக்குத் தன் காரைத் தோண்டி எடுக்கக் காலை முழுவதும் ஆயிற்று. அவர் பொறுமைசாலி. மறுநாள்தான் திட்டினார்.

கல்லூரியில் மூன்று வருடம் நான் அவளோடு ஒரே அறையில் இருந்தேன். அதனால் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவாள், மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், பிப்ரவரி மாதத்தில். மூடினால் எழுந்து வந்து திறப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் தொப்பி போட்டுக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டேன்.

பேசாமல் இருப்பது அவர்கள் குடும்பச் சொத்து. அவள் அப்பா பெரிய ஏரியில் வலை போட்டு வெள்ளைமீன் பிடிப்பவர். அவருடைய அண்ணனும் அதே தொழில், அதே படகுத்துறை. எப்போதோ ஒருவர் மற்றவருடைய ஐஸ் பெட்டியைக் கேட்காமல் எடுத்துவிட்டாராம். அன்றோடு பேச்சு நின்றது. படகு வருகிறது, கயிற்றைப் பிடி என்று அண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருந்தால், அப்பா கரையில் படுத்திருக்கும் நாயைப் பார்த்துச் சொல்வார். அண்ணன் வந்து பிடித்துக் கட்டிவிட்டுப் போவார். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

பனிச்சறுக்குக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. பள்ளிப் பேருந்து அவர்கள் வீட்டுப் பக்கம் போகாது. பனிச்சறுக்குக் குழுவில் சேர்ந்தால் மாலையில் தனி வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடும். வேனுக்காகச் சேர்ந்தாள். பிறகு பார்த்தால், காட்டுக்குள் ஐந்து மைல், பத்து மைல் ஓடும் நெடுந்தூரப் பந்தயத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. எங்கள் கல்லூரி அவளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது.

எங்கள் அணியில் முதல் இரண்டு இடம் எப்போதும் இரண்டு நார்வேக்காரிகளுக்கு. கோச் ருஸ்கா கடல் தாண்டிப் போய்க் கொண்டு வந்தவர்கள். அவர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. எங்களுக்கு முன்னால் போவார்கள், ஜெயிப்பார்கள், சாப்பாடு சரியில்லை என்பார்கள். தேசியப் போட்டிக்கு ஒரு கல்லூரியிலிருந்து மூன்று பெண்கள்தான் போகலாம். ஆக, மிச்சம் ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்கு சிக்னியும் கோரின் வாஷ்பர்னும் மோதினார்கள். இரண்டு பேருக்கும் அதுதான் கடைசி வருடம்.

கோரின் மினியாபொலிஸ் பக்கத்துப் பணக்காரப் புறநகர்க்காரி. அப்பா பல் டாக்டர். அவளிடம் பந்தயத்துக்கு என்றே ஆறு ஜோடி ஸ்கீ, அதாவது சறுக்குக் கட்டை, இருந்தது. குளிருக்கு ஒன்று, ஈரப்பனிக்கு ஒன்று என்று. சிக்னியிடம் இருந்தது ஒரே ஜோடி. கோடை முழுவதும் மீன் கழுவி வாங்கியது. இத்தனைக்கும் கோரின் கெட்டவள் இல்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சூப் வாங்கி வந்து நிற்பாள். சிக்னிக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன்.

நவம்பரில் பனி விரல்கடை அளவுதான் விழுந்திருக்கும்; பாதையெல்லாம் கல் துருத்திக்கொண்டிருக்கும். அப்போது அடி கீறிப்போன பழைய ஸ்கீயில்தான் எல்லோரும் பழகுவோம். கல் ஸ்கீ என்றே அதற்குப் பெயர். ஒரு விடிகாலை, ஸ்கீயின் அடிக்கு மெழுகு பூசும் அறையில் விளக்கு எரியவில்லை. கோரின் இருட்டில் கைக்கு அகப்பட்ட ஜோடியைக் கல் ஸ்கீ என்று எடுத்துப் போய்விட்டாள். திரும்பி வந்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது சிக்னியின் ஜோடி. கருவாட்டுக்கு மீனைக் கீறிப் போட்டது போல இருந்தது அடிப்பக்கம்.

கோரின் அழுதேவிட்டாள். "சிக்னி, சத்தியமா தெரியாம எடுத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லி இந்த வாரமே புதுசு வாங்கித் தந்துடறேன். அதுவரைக்கும் என்னோடதுல எது வேணுமோ எடுத்துக்கோ. ஆறு ஜோடி சும்மாதானே கெடக்கு."

சிக்னி ஸ்கீயை வாங்கி, கட்டைவிரலால் கீறல்களைத் தடவிப் பார்த்தாள்.

"தேவையில்ல," என்றாள்.

அதோடு சரி. கீறல் போகும்வரை அடியைக் கடையில் கொடுத்துச் சீவி, அப்பளம் மாதிரி மெலிந்துபோன அந்த ஜோடியிலேயே டிசம்பர், ஜனவரி முழுக்க ஓடினாள். கோரினிடம் மறுபடி வாய் திறக்கவில்லை. மேஜையில் உப்பு வேண்டுமென்றால் என்னைப் பார்ப்பாள். "டோரி, உப்பு." உப்பு கோரின் கையில் இருக்கும். நான் வாங்கிக் கொடுப்பேன். அவர்கள் வீட்டு நாய்க்கு இருந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

பிப்ரவரியில் தேசியப் போட்டிக்கான கடைசித் தகுதிப் போட்டிக்கு விஸ்கான்சினிலுள்ள டமராக் மேட்டுக்குப் போனோம். நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தேன், ஓட முடியாது. தண்ணீர் கொடுக்க, கூச்சல் போட என்று கூட்டிப் போனார்கள். புறப்படுமுன் ருஸ்கா வேன் கதவருகே நின்று கணக்கைச் சொன்னார்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள் நேரத்தையும் கூட்டுவேன். யாருக்கு நேரம் கம்மியோ அவதான் மூணாவது ஆளு. அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது."

"இவங்க ரெண்டு பேரும் சேந்து சிந்த மாட்டாங்க கோச்," என்றேன். "தனித்தனியா வருவாங்க."

"நீ வண்டில ஏறு."

வழியில் சிக்னி தன் அம்மா கொடுத்தனுப்பிய பேஸ்டிகளை எடுத்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்து சுட்டது. அந்த வாசனைக்கே வேன் முழுக்க வாய் ஊறும். டப்பா எல்லோரிடமும் போனது, நார்வேக்காரிகள் கூட இரண்டிரண்டு எடுத்தார்கள். கோரினிடம் வந்ததும் சிக்னி கை நீட்டி மூடியைச் சாத்தி, பின்சீட்டுக்குத் தள்ளிவிட்டாள். கோரின் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது சிக்னியை அறையலாம் போல இருந்தது. உடைந்தது வலது மணிக்கட்டு.

விடுதியில் ருஸ்கா தன் பெரிய யோசனையைச் செயல்படுத்தினார். நாலு பேருக்கு ஓர் அறை, இரண்டு கட்டில். நார்வேக்காரிகளுக்கு ஒன்று, இவர்கள் இருவருக்கும் ஒன்று. "ஒரே போர்வைல படுத்தா பேச்சு தானா வரும்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு முறை விவாகரத்தும் ஆகியிருந்தது. அந்த அனுபவத்தில் சொன்னாரோ என்னவோ. காலையில் நான் அவர்களை எழுப்பப் போனபோது கோரின் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சிக்னி குளியல் தொட்டிக்குள் பந்தய உடையோடு கால் மடக்கிப் படுத்திருந்தாள்.

"பந்தயத்தன்னிக்கு இப்பிடியா படுப்ப? முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

"தொட்டி பரவால்ல. யாரும் புரண்டு படுக்க மாட்டாங்க."

முதுகு என்னத்துக்கு ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்தது. சனிக்கிழமை கால்களை விரித்துத் தள்ளி ஓடும் பந்தயம். ஓர் இறக்கத்துத் திருப்பத்தில் சிக்னி விழுந்தாள். எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள். கோரினைவிட நாற்பது விநாடி பின்னால். குளிர்ந்த மூஞ்சியோடு வந்து நின்றவளுக்குக் கோரின்தான் முதலில் வெந்நீர்க் குவளையை நீட்டினாள். சிக்னி அந்தக் குவளையைத் தாண்டிப் போய், பையிலிருந்த தன் பாட்டிலை எடுத்தாள். உள்ளே தண்ணீர் உறைந்திருந்தது. குலுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள்.

"கொழுப்பு," என்றாள் ஒரு நார்வேக்காரி. அந்த வார இறுதி முழுவதும் அவள் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரே பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமை தடத்துப் பந்தயம். பனியில் இயந்திரம் பதித்த இரட்டைக் கோட்டில் ஸ்கீயை வைத்து ஓட வேண்டும். எல்லோரும் சேர்ந்து கிளம்புவதில்லை. அரை நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். சீட்டுக் குலுக்கியதில் கோரின் முன்னால், அடுத்த ஆளே சிக்னி. கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. அந்த அரை நிமிடத்தைத் தின்று, கோரினைத் தாண்டி, அவளுக்குப் பத்து விநாடிக்கு மேல் முன்னால் கோட்டைத் தொட்டால் சிக்னி தேசியப் போட்டிக்குப் போவாள். இல்லாவிட்டால் கோரின்.

தாண்டுவதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பின்னால் வருகிறவர் "டிராக்" என்று ஒரு குரல் கொடுத்தால் முன்னால் இருப்பவர் உடனே தடத்தை விட்டு விலகி வழிவிட வேண்டும். குரல் கேட்டும் விலகாதவரைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். குரல் வராதவரை விலக வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் கூட முதல் பாடமாகக் கற்பது இது. ஜென்ம எதிரிகள் கூடக் கத்துவார்கள், விலகுவார்கள், முடிந்த பிறகு ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள்.

காலையிலிருந்தே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. உறைநிலையை ஒட்டிய அந்தக் குளிரில் எந்த மெழுகும் சரிப்படாது. தடத்தை விட்டு இறங்கினால் பனி ஸ்கீயின் அடியில் கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். நான் கடைசி ஏற்றத்தின் நடுவில், ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்த ஆட்டும் பசுமாட்டு மணியோடு நின்றேன். நீளமான ஏற்றம், காட்டுக்குள் வளைந்து போவது. அந்த இடத்தில் ஒரே தடம்தான். உச்சியில், பேச்சுக் கேட்காத தூரத்தில், மஞ்சள் அங்கி போட்ட கண்காணிப்பாளர் ஒருவர் நின்றார்.

முதலில் கோரின் வந்தாள். அவள் பின்னாலேயே சிக்னி. அவளுடைய ஸ்கீயின் முனை கோரினுடைய ஸ்கீயின் வாலை இடிக்கும் நெருக்கம். எனக்கு நம்ப முடியவில்லை. அரை நிமிடத்தை மொத்தமாகத் தின்றுவிட்டாள், அந்த அப்பளக் கட்டையை வைத்துக்கொண்டு. இனி வழி கிடைத்தால் போதும். ஏற்றம் முழுவதும் அவளுடையது. அந்த நொடியில் எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது; மணியை ஆட்டிக்கொண்டு கத்தினேன்.

"அப்படித்தான்டி! கூப்பிடு! வழி கேளு!"

சிக்னி கூப்பிடவில்லை. தடத்தை விட்டு இடப்பக்கம் இறங்கி, ஆழப்பனியில் கோரினைச் சுற்றிப் போகப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பனி அப்பிக்கொண்டது. காலை உதறி, மறுபடி தடத்துக்கே வந்து கோரின் பின்னால் நின்றாள். கோரின் திரும்பவில்லை. அவள் கவனமெல்லாம் தன் மூச்சிலேயே இருந்தது.

"கூப்பிடுடி! ஒத்த வார்த்தடி!"

என்னைக் கடக்கும்போது சிக்னி என்னை நேராகப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். மறுபடி வெளியே இறங்கினாள், இந்த முறை வலப்பக்கம். மறுபடி பனி அப்பியது, மறுபடி உள்ளே வந்தாள். உச்சிவரை இதேதான். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பக்கத்தில் நின்ற எதிரணிப் பெற்றோர்கள் கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள்.

உச்சிக்கு அப்புறம் இறக்கம் அகலமானது. அங்கே கேட்காமலே தாண்டலாம், தாண்டினாள். முடிவுக்கோடு இருந்த மைதானத்துக்குள் பைத்தியம் பிடித்தவள் போலக் கம்பை ஊன்றித் தள்ளி வந்து, கோட்டைத் தாண்டி விழுந்தாள். கோரினுக்கு எட்டு விநாடி முன்னால். தேவைப்பட்டது பத்து.

பலகையில் நேரம் வந்ததும் ருஸ்கா தொப்பியைக் கழற்றிப் பனியில் அடித்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. உச்சியில் நின்ற கண்காணிப்பாளர், முன்னால் போனவள் ஏற்றம் முழுக்க வழிவிடவில்லை என்று நடுவர் குழுவிடம் சொல்லியிருந்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடுப்பு எரிந்த ஒரு மரக் கொட்டகை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தலைமை நடுவர் வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ருஸ்காவோடு நானும் நுழைந்து கதவோரம் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை.

பெரியவர் முதலில் கோரினைக் கேட்டார். "பின்னாடி ஆள் வந்தது தெரியுமா?"

"யாரோ வர்றாங்கன்னு தெரியும். மூச்சு கேட்டுச்சு. கூப்பிட்டது எனக்குக் கேக்கல." கோரின் அழாமல் இருக்கப் பாடுபட்டாள். "ஆனா எதிர்காத்து. மணிச் சத்தம் வேற. அவ கூப்பிட்டிருப்பா சார். கூப்பிடாம யாரு ஏற்றம் முழுக்கப் பின்னாடியே வருவா? கூப்பிட்டேன்னு அவ சொன்னா நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

கோரின் தன் இடத்தைத் தானே எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். ஆமாம் என்று சிக்னி தலையை ஆட்டினால் போதும். கோரின் நீக்கம், சிக்னிக்கு தேசியப் போட்டி. ருஸ்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிக்னியின் பின்னந்தலையைப் பார்த்து, ஆட்டுடி, ஆட்டுடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய்தான். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"நீ சொல்லும்மா. வழி கேட்டுக் கூப்பிட்டியா?"

"கூப்பிடல," என்றாள் சிக்னி.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்? தொண்ட கட்டிக்கிச்சா?"

"இல்ல. நான் அவகூடப் பேசறதில்ல."

மேஜைக்குப் பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். பெரியவர் சிரிக்கவில்லை. "டிராக்குன்னு கத்துறதெல்லாம் ஒரு பேச்சாம்மா?"

"அவளப் பாத்துத்தானே சார் கத்தணும்."

பெரியவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தாளைத் தள்ளி வைத்துவிட்டு, முடிவில் மாற்றம் எதுவும் இல்லை, நீங்கள் போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் ருஸ்கா பிடித்துக்கொண்டார். "நாலு வருஷம். நாலு வருஷம் உன்னத் தயார் பண்ணேன். ஒரு வார்த்த, அதுவும் காட்டுக்குள்ள, மரத்துக்குத்தான் கேக்கும். அத வாயத் தொறந்து சொல்ல வலிக்குதா உனக்கு?"

"நேரம் கம்மியா இருந்தவ போறா. நீங்க சொன்ன கணக்குதான கோச்," என்று சொல்லிவிட்டு சிக்னி ஸ்கீக்களைத் துடைக்கப் போனாள்.

எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் அவள் பையைத் தூக்கி வேனுக்குள் எறிந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நார்வேக்காரிகள் ஜெயித்த கோப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்கள். வேன் கிளம்பி, காட்டைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தது. ருஸ்கா ரேடியோவைப் போடவில்லை.

முன்சீட்டில் இருந்த கோரின் திரும்பினாள். தேசியப் போட்டிக்குப் போகிறவளின் முகமாக அது இல்லை.

"ஒரே ஒரு தடவ கூப்பிட்டிருந்தா விலகியிருப்பேன் சிக்னி," என்றாள். "நீதான் பின்னாடின்னு தெரிஞ்சிருந்தா, நீ கூப்பிடறதுக்கு முன்னாடியே விலகியிருப்பேன்."

சிக்னி ஜன்னலிலிருந்து தலையை எடுத்து அவளைப் பார்த்தாள். நாய் வேலைக்கு நான் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேவைப்படவில்லை.

"தெரியும்," என்றாள் சிக்னி, நவம்பருக்குப் பிறகு முதல்முறையாகக் கோரினிடமே. "அதனாலதான் கூப்பிடல."

கோரின் முன்பக்கம் திரும்பி, சீட்டு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள்.